பொன்னுத்துரை கொடுத்த வாக்கு

காலை ஆறரை மணிக்குக் கோத்தகிரி பள்ளி மைதானத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். மழை விட்டிருந்தது, மூட்டம் விடவில்லை. வரிசையின் கடைசி ஆளை முதல் ஆள் பார்க்க முடியவில்லை.

"அட்டேன்ஷன்!"

பன்னிரண்டு ஜோடிக் கால்கள் பன்னிரண்டு விதமாகச் சேர்ந்தன.

ஹவில்தார் பொன்னுத்துரை கண்ணை மூடித் திறந்தார். இருபத்திரண்டு வருடம் ராணுவம். போர்முனையில் காட்டிய துணிச்சலுக்காகச் சேனா மெடல். ஓய்வு பெற்ற பிறகு, 'மலைக்காவல் செக்யூரிட்டி சர்வீஸ்' என்ற கம்பெனியில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஐந்து வருடமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனதுதான் மிச்சம்.

வரிசையில் நிற்கிற ஒருவனும் நேற்றுவரை காவல்காரன் இல்லை. தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர்கள், மருந்தடித்தவர்கள், ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளியவர்கள். இரண்டு வருடமாகத் தேயிலை விலை சரிந்து கிடக்கிறது. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக ஆட்களை நிறுத்த, நின்ற ஆட்கள் எல்லாம் காக்கித் தொப்பி தேடி இந்த மைதானத்துக்கு வந்தார்கள். கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஏதாவது ஒரு கேட்டில் நிற்க இடம் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

முப்பது நாள் பயிற்சி முடியாத ஆளுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று போன வாரம்தான் பொன்னுத்துரை முதலாளி சுப்பண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சுப்பண்ணன் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அன்றிலிருந்து பொன்னுத்துரையின் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. கட்டபெட்டுக்கு மேலே கல்லுமேடு எஸ்டேட்டில் ஃபேக்டரியை மூடி மூன்று மாதமாகிறது. உள்ளே இருக்கிற மெஷின்களை வெளியே கொண்டுபோனால் ஃபேக்டரி இனி திறக்காது என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் நாற்பது பேர் கேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பது நாளாயிற்று. முதல் நாள் போய் உட்கார்ந்தவள் அவருடைய மனைவி அங்கம்மா. காலையில் பொங்கி வைத்துவிட்டுப் போகிறாள், இருட்டும்போது வருகிறாள். அவர் கேட்பதில்லை, அவள் சொல்வதில்லை.

ஏழு மணிக்கு மைதானத்துக்குள் ஜீப் வந்தது. பின்சீட்டில் புது நீலச் சட்டைகள் பாலித்தீன் உறையில் அடுக்கியிருந்தன. சுப்பண்ணன் மப்ளரைச் சரி செய்துகொண்டே இறங்கினார். கோயம்புத்தூர்க்காரர். மலை ஏறிப் பத்து வருடமாகியும் குளிர் இன்னும் அவருக்குப் பழகவில்லை.

"ஏனுங்க ஹவில்தார், ஆளுங்கெல்லாம் நல்லாத் தேறிட்டாங்களாட்ட இருக்குது?"

"பன்னெண்டு நாள்தாங்க ஆச்சு. இன்னும் சரியாத் திரும்பி நிக்கவே வரலிங்க."

"நிக்க வந்தாப் போதுமுங்க. திரும்பறதையெல்லாம் மில்லு கேட்டுல போய்ப் பழகிக்குவாங்க. இன்னைக்கே டூட்டி. சட்டையக் குடுத்துருங்க."

"எங்கங்க டூட்டி?"

சுப்பண்ணன் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க ஊட்டுக்குப் பக்கத்துலயேதானுங்க. கல்லுமேடு ஃபேக்டரி."

வரிசையில் ஒரு அசைவு. மூன்றாவதாக நின்ற முனியசாமி தலையைத் திருப்பினான். அங்கம்மாவின் தம்பி அவன். கல்லுமேட்டில் பதினாறு வருடம் மருந்தடித்தவன்.

"ஐஸ் ஃப்ரன்ட்!" என்று அதட்டிவிட்டு, பொன்னுத்துரை குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அங்க உக்காந்திருக்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்லிங்க?"

"தெரிஞ்சுதானுங்க உங்களப் போவச் சொல்றேன். ரோலரும் மோட்டாரும் ரிப்பேருக்குக் கோயம்புத்தூரு போவுது. ஒரு லாரி வெளிய வரோணும், அவ்வளவுதான். நீங்க முடியாதுன்னாச் சொல்லுங்க, சில்வஸ்டர் கூட்டிட்டுப் போறாப்ல."

ஜீப்பின் முன்சீட்டில் சூப்பர்வைசர் சில்வஸ்டர் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு கட்டு லத்தி. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிய விருந்தாளியின் மணிக்கட்டை உடைத்தவன் அவன். பயிற்சிக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை.

பொன்னுத்துரை அந்த லத்திக் கட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் பயிற்சி பெற்ற பன்னிரண்டு பேர், கையில் லத்தி, எதிரே நாற்பது பெண்கள், பக்கத்தில் சில்வஸ்டர். என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"நான் போறேங்க. ஆனா லத்தி வேண்டாம். சில்வஸ்டரும் வேண்டாம்."

"ஆகட்டுமுங்க" என்றார் சுப்பண்ணன், உடனே.

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அப்போதே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

"அந்த மெடலையும் குத்திட்டு வந்துருங்க. பார்த்தாச் சனங்க ஒரு மட்டு மரியாதையா இருப்பாங்க."

*

ஒன்பதரை மணிக்கு வேன் கல்லுமேடு ஃபேக்டரி முன்னால் நின்றது.

கேட்டுக்குக் குறுக்கே நீல பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி, அதன் கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்குப் போர்த்துகிற சாக்கு, கம்பளி, தலையில் துண்டு. நீலச் சட்டைகள் இறங்குவதைப் பார்த்ததும் எல்லாரும் திரும்பினார்கள்.

முதலில் முனியசாமியைத்தான் அங்கம்மா பார்த்தாள். பிறகு அவனுக்கு முன்னால் வருகிறவரை. தேய்த்த சட்டை, இடது மார்பில் மெடல். அந்த மெடல் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கும். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் மட்டும் வெளியே வரும்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, டூட்டியா?"

"ஆமா."

"எங்களக் காப்பாத்தவா, எங்ககிட்டருந்து காப்பாத்தவா?"

பின்னால் யாரோ ஒருத்தி சிரித்தாள். பொன்னுத்துரையின் காது சூடாயிற்று. எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்கிறாளே என்றிருந்தது. இவள் மேல் அடி விழக்கூடாது என்றுதானே வந்தேன், அதைச் சொல்ல முடியுமா இப்போது?

"நான் உள்ள போய்ப் பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் அசையாதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சிறிய கேட்டைத் திறந்து உள்ளே போனார்.

உள்ளே லாரியில் பாதி ஏற்றியிருந்தார்கள். இலையை நசுக்குகிற ரோலர்கள் வரிசையாகச் சணல் சாக்கில் சுற்றிக் கிடந்தன. இரண்டு மோட்டார்கள் ஏறிக்கொண்டிருந்தன. மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இது திரும்பி வருமா?"

"வரும்யா. ரோலருக்குப் பல்லு தீட்டணும், மோட்டாருக்குக் காயில் கட்டணும். இருபது நாள்ல வந்துடும். விலை கொஞ்சம் ஏறினா ஃபேக்டரியை ஓட்ட வேண்டாமா?"

"நிச்சயமா சார்?"

"நீங்க பட்டாளத்துக்காரர். உங்ககிட்ட பொய் சொல்வேனா?"

ரோலர்களைப் பல் தீட்டக் கோயம்புத்தூருக்கு அனுப்புவது வழக்கம்தான். ஃபேக்டரி ஓடிய காலத்தில் அவரே பார்த்திருக்கிறார். பொன்னுத்துரை தலையாட்டினார்.

*

அதே நேரம் கோத்தகிரி பஜாரில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் மலைக்காவல் ஆபீசில், பொன்னுத்துரையின் மகள் பிரியா ஃபேக்ஸ் மெஷினிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தாள்.

பி.காம். முடித்து எட்டு மாதமாக அங்கே டைப்பிஸ்ட். வருகிற ஃபேக்ஸைப் படிக்காமல் முதலாளி மேஜையில் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. கல்லுமேடு என்ற பெயர் கண்ணில் பட்டதும் படித்தாள்.

முதல் தாள், எஸ்டேட்டின் தலைமை ஆபீஸ் எழுதியது. 'பழைய இரும்பாக விற்கப்பட்ட இயந்திரங்களின் முதல் லாரி இன்று கிளம்புகிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்குபவரிடம் ஒப்படைக்கும் வரை இரண்டு காவலாளிகள் லாரியில் உடன் செல்ல வேண்டும்.'

ரிப்பேருக்கு என்று காலையில் முதலாளி ஃபோனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. இதில் விற்கப்பட்ட என்றல்லவா இருக்கிறது?

இரண்டாம் தாளைப் படித்தபோது அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்டேட் ஆபீசுக்கு ஃபோன் போட்டாள். கிளார்க் எடுத்தார். "ஹவில்தார் பொன்னுத்துரையைக் கூப்பிடுங்க சார், அவசரம்." "கேட்டுல கூட்டம்மா, யாரையும் கூப்பிட முடியாது" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்தாள். இந்த வேலை இன்றோடு போய்விடும் என்று தெரிந்துதான் படியிறங்கினாள்.

*

கேட்டில் பொன்னுத்துரை பெண்களுக்கு முன்னால் நின்று விவரம் சொன்னார். ரிப்பேருக்குப் போகிறது. இருபது நாளில் வரும். வழி விடுங்கள்.

"பல்லு தீட்ட ரோலரு போவும், சரி" என்றாள் அங்கம்மா. "மோட்டாரு எதுக்குப் போவுது?"

"காயில் கட்ட."

"ரெண்டு மோட்டாருக்கும் ஒரே நாள்ல காயில் போயிருச்சா? மூணு மாசமா ஓடாத மோட்டாருக்கு?"

பொன்னுத்துரைக்கு எரிச்சலாக வந்தது. 

"மேனேஜர் சொல்றாரு அங்கம்மா."

"அப்ப எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. இத்தன ரோலரு, இத்தன மோட்டாரு, இந்தத் தேதிக்குத் திரும்பி வரும்னு ஒரு தாள்ல எழுதி ஒரு கையெழுத்து. நாங்க இப்பவே எந்திரிச்சிடுறோம்."

நியாயமான கேள்வி. சான்றிதழில் கையெழுத்துக்காக முதலாளியிடம் சண்டை போட்ட மனுஷனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் காலையிலிருந்து ஒவ்வொருவராகத் தன்னைத் தள்ளிக்கொண்டே வந்ததில் அவர் பொறுமை போயிருந்தது. பின்னால் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். ஜீப்பில் வந்திறங்கிய சுப்பண்ணன் பார்க்கிறார். கட்டிய மனைவி நாற்பது பேர் முன்னால் தன் பேச்சை நம்பாமல் தாள் கேட்கிறாள்.

"நான் சொல்றேன்ல?" என்று கத்தினார். "திரும்பி வரும்னு நான் சொல்றேன். என் வார்த்தை பத்தாதா உங்களுக்கு?"



அந்த எஸ்டேட்டில் அவர் வார்த்தைக்கு ஒரு கதை உண்டு. சிலோனில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினைந்து வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்து, நீலகிரியில் குடியமர்த்தப்பட்டவர் பொன்னுத்துரை. பட்டாளத்தில் சேர்ந்து, எண்பத்தேழில் அதே சிலோனுக்கு அமைதிப்படைச் சிப்பாயாகப் போனார். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காலில் அடிபட்டுக் கிடந்த கூட்டாளியிடம், "பத்து நிமிஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வேறொருவனைத் தூக்கிக்கொண்டு போனார். துப்பாக்கிச் சூடு நிற்கவில்லை, திரும்பிப் போகாதே என்றார்கள். போனார். கூட்டாளியை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். மெடல் அதற்குத்தான். பொன்னுத்துரை அதைப் பற்றிப் பேச மாட்டார். அந்தக் கூட்டாளி, கோவில்பட்டிக்காரர், ஒரு பொங்கலுக்கு வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பம்மா முதலில் எழுந்தாள். பெண்களில் மூத்தவள். அவளும் சிலோனிலிருந்து வந்தவள்தான், பொன்னுத்துரையின் தாயோடு ஒரே கப்பலில்.

"தம்பி, தொரைமாரு பேச்ச நான் நம்ப மாட்டேன். ஹட்டன்லயும் நம்புனதில்ல, இங்கயும் நம்புனதில்ல. ஒன் வாய்ல சொல்லு. வருமா?"

"வரும்க்கா."

"அப்ப சரி. எந்திரிங்கடி. அவன் சொன்னா வரும்."

ஒருத்தி எழுந்தாள், அப்புறம் நாலு பேர், அப்புறம் எல்லாரும். பிளாஸ்டிக் ஷீட்டின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தார்கள். கடைசியாக அங்கம்மா எழுந்தாள். விரித்திருந்த சாக்கைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை.

பதினொன்றே கால் மணிக்குப் பச்சைத் தார்ப்பாய் போட்ட லாரி கேட்டைத் தாண்டிற்று. சுப்பண்ணன் கை காட்ட, முனியசாமியும் இன்னொரு காவலாளியும் அதில் ஏறிக்கொண்டார்கள். சுப்பண்ணனின் ஜீப் பின்னாலேயே போயிற்று.

ஒரு கல் விழவில்லை, ஒரு வசவு கேட்கவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று பொன்னுத்துரை நினைத்தார்.

*

கட்டபெட்டுக்கு முந்தின வளைவில் பிரியா வந்த பஸ் நின்றது. எதிரே கனமான லாரி. பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே பின்னால் எடுத்து, பாறையை ஒட்டி நிறுத்தி வழி விட்டார்.

பச்சைத் தார்ப்பாய். அதன் மேல் இரண்டு நீலச் சட்டைகள். அதில் ஒன்று முனியசாமி மாமா. பஸ் ஜன்னலில் அக்கா மகளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்து கையாட்டினான். புது உடுப்பைக் காட்டுகிறான் போல, சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினான்.

"மாமா! நிறுத்தச் சொல்லுங்க!" என்று பிரியா கத்தினாள். ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. லாரி இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. வளைந்து போய்விட்டது.

கட்டபெட்டில் இறங்கி, எஸ்டேட் ரோட்டில் ஏற்றத்தில் ஓடினாள். ஃபேக்டரி கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது பேச முடியாமல் மூச்சு வாங்கிற்று. தாளை மட்டும் அப்பா கையில் கொடுத்தாள்.

இங்கிலீஷில் இருந்தது. பொன்னுத்துரைக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும், "நீயே படி" என்றார்.

பிரியா படித்தாள். தமிழில் சொன்னாள். பழைய இரும்பாக விற்கப்பட்ட என்ற இடத்தில் அவள் குரல் இறங்கியது. அவர், "சத்தமா" என்றார்.

அவர் நேரே உள்ளே போனார். மேனேஜர் அறை பூட்டியிருந்தது. பின்பக்க ரோட்டில் கார் போய் அரை மணி நேரமாயிற்று என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

பொன்னுத்துரை கேட்டுக்கு வந்தார். பெண்கள் இன்னும் கலையவில்லை. பாதிப்பேர் கூடை எடுத்துக் கிளம்பத் தயாராக நின்றார்கள். யுத்தத்தில்கூட எந்தப் பத்தடியும் அவருக்கு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

"மெஷின் திரும்பி வராது" என்றார். "வித்துட்டாங்க. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கருப்பம்மா அவரையே பார்த்துவிட்டு, தான் எழுந்த அதே இடத்தில், ஈரத் தரையில், சாக்குக்கூட விரிக்காமல் மெல்ல உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவிழ்த்த கயிற்றை யாரோ மறுபடி கட்டினார்கள்.

பொன்னுத்துரை தொப்பியைக் கழற்றினார். பெண்களின் வரிசையை ஒட்டி, கேட் தூணருகே உட்காரப் போனார்.

"இங்க உக்காராதீங்க."

அங்கம்மா சத்தமே போடவில்லை.

"இங்க உக்காந்தா உங்க மனசு ஆறிடும். எங்களுக்கு என்ன கெடைக்கும்? எங்களோட உக்கார நாப்பது பேரு இருக்கோம், ஆள் பத்தாம இல்ல. அந்த லாரியத் திருப்பிக் கொண்டாங்க."

"எப்படிடீ? அது இப்ப கோத்தகிரி தாண்டியிருக்கும்..."

"எனக்குத் தெரியாது. அனுப்பத் தெரிஞ்சுச்சுல்ல?"

அவர் அவளையே பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் இந்த முகத்தைப் பார்த்ததில்லை. கோபம் இருந்தால்கூட ஏதாவது பேசித் தணிக்கலாம். அவளுக்குக் கோபம் இல்லை. காத்திருந்தாள்.

பொன்னுத்துரை தொப்பியைப் போட்டுக்கொண்டார். பத்துக் காவலாளிகளிடம் திரும்பினார்.

"டிரையரும் மீதி மெஷினும் உள்ள இருக்கு. நான் வர்ற வரைக்கும் ஒரு ஆணி வெளிய போகக்கூடாது."

"கம்பெனி வேற மாதிரி சொன்னா சார்?" என்றான் ஒருவன்.

பயிற்சியில் இதற்குப் பாடம் இல்லை. "அப்ப நீங்களே யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் நடந்தார். பிரியா பின்னால் ஓடி வந்தாள்.

"நீ எதுக்கும்மா?"

"இங்கிலீஷ்ல யாராவது பேசுனா நான் வேணும்ப்பா."

*

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பஸ் பன்னிரண்டு மணிக்குக் கட்டபெட்டில் கிடைத்தது. கோத்தகிரியில் பத்து நிமிடம் நின்றது. அந்தப் பத்து நிமிடமும் பொன்னுத்துரை உட்காராமல் படியிலேயே நின்றார். விசாரித்ததில், பச்சைத் தார்ப்பாய் லாரி டீசல் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்கு முன்னால் இறங்கிற்று என்றார்கள்.

"பாரம் ஏத்துன வண்டி. மெதுவாத்தாம்ப்பா இறங்கும்" என்றாள் பிரியா.

மலை இறங்க இறங்கக் காற்றில் சூடு ஏறிற்று. பஸ்ஸில் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவர் குனிந்து கீழே பார்த்தார். கொக்கி வளைவுகள், சில்வர் ஓக் மரங்கள், பிறகு காடு. லாரி தெரியவில்லை.

"அப்பா..." பிரியா கைப்பையைத் திறந்தாள். "இதுல இன்னொரு தாளும் இருக்கு. அங்க அம்மா முன்னாடி காட்ட வேணாம்னு விட்டேன்."

அவர் வாங்கினார். இந்த முறை அவரே படித்தார்.

வருகிற திங்கட்கிழமை. கல்லுமேடு எஸ்டேட், லயன் வீடுகளைக் காலி செய்யும் பணி. காவலாளிகள் முப்பது பேர். பொறுப்பு: ஹவில்தார் பொன்னுத்துரை, சேனா மெடல். அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு: தொழிலாளர்கள் இவர் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள்.

அவர் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த வீடுகளில் மூன்றாவது வரிசை, ஏழாம் நம்பர் வீட்டில்தான் அவர் குடியிருக்கிறார். அங்கம்மாவின் பெயருக்கு எஸ்டேட் கொடுத்த வீடு. பிரியா பிறந்த வீடு.

இன்று காலை கேட்டில் நடந்தது ஒத்திகை. சுப்பண்ணன் ஏன் சண்டை போடாமல் லத்தியை விட்டுக்கொடுத்தார் என்று இப்போது விளங்கிற்று. அவரைவிட நல்ல லத்தி அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

"திங்கக்கிழமைன்னா இன்னும் நாலு நாளு" என்றாள் பிரியா. "என்னப்பா பண்ணப் போறோம்?"

"முதல்ல லாரி" என்றார் பொன்னுத்துரை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மெடலுக்குப் பின்னால் அது துருத்திக்கொண்டு நின்றது.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. கேரட் லாரிகள், ஒரு டூரிஸ்ட் பஸ், அதற்கும் முன்னால் பச்சைத் தார்ப்பாய். பக்கத்து டீக்கடையில் சுப்பண்ணன், மப்ளரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் கிளாஸோடு நின்றார். லாரி டிரைவர் எதிரே வடை தின்றுகொண்டிருந்தான். லாரிக் கதவருகே இரண்டு நீலச் சட்டைகள்.

பஸ் நிற்கும்வரை பொன்னுத்துரை காத்திருக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தார்.

அவரைப் பார்த்ததும் இரண்டு காவலாளிகளும் விறைத்து நின்றார்கள். காலையில் மைதானத்தில் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை. குதிகால்கள் ஒரே சத்தமாகச் சேர்ந்தன.

"ஏனுங்க ஹவில்தார்?" சுப்பண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க எங்கீங்க இங்க? கேட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

பொன்னுத்துரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"முனியசாமி! சாவி வண்டியிலதான் தொங்குது. கதவைத் திறந்து எடுத்துட்டு வா."

"ஏய், எடுக்காதே" என்றார் சுப்பண்ணன். அவர் பேச்சில் முதல் தடவையாக 'ங்க' இல்லை. "திங்கக்கிழமைல இருந்து உனக்குக் கோயம்புத்தூர் மில்லுல டூட்டி போட்டாச்சு. தங்கறதுக்கு ரூமும் சொல்லியாச்சு. வேலை வேணுமா, உன் மச்சான் வேணுமா? பார்த்துக்க."

முனியசாமிக்கு வயது முப்பத்தைந்து. ஏழு மாதமாக வேலையில்லை. இரண்டு பெண் குழந்தைகள். அவன் சுப்பண்ணனைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். மச்சானுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற அக்கா மகளைப் பார்த்தான்.

"அது ரிப்பேருக்குப் போகலடா" என்றார் பொன்னுத்துரை. இப்போது அது உத்தரவு இல்லை. "நான் பொய் சொல்லிட்டு நிக்கிறேன், உங்கக்காகிட்ட."

செக்போஸ்ட்டில் தடுப்புக்கட்டை உயர்ந்தது. முன்னாலிருந்த வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். டிரைவர் வடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

முனியசாமியின் கை லாரிக் கதவின் கைப்பிடியில் இருந்தது. டிரைவர் வந்து, "தள்ளுய்யா" என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

முனியசாமி நகரவில்லை. கதவை அடைத்து நின்றான்.